பழனிமுத்து சம்பாதித்த கெட்ட பெயர்

பழனிமுத்து என் வீட்டு மாடியைப் பார்க்க வந்த அன்றைக்கே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வாடகைக்கு வருகிறவன் தண்ணீர் வருமா, வெயில் அடிக்குமா என்று கேட்பான். இவன் மொட்டைமாடிக்கு ஏறி டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொல்லிவிட்டு, கரண்ட் மீட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்று அதன் எதிரில் நின்றான். சமையலறைச் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். எல்லாம் முடிந்து, "ஏனுங்கம்மா, இது உங்க சொந்த வீடுதானுங்களா?" என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. விஜயநகரில் இந்த மனையை வாங்கிக் கட்டி முடிக்க நானும் என் கணவரும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். "இல்லப்பா, அரமனையோடது. பாத்துக்கோன்னு எங்கிட்ட விட்டிருக்கா" என்றேன். அதையும் அவன் பாதி நம்பினான் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சீதாலக்ஷ்மி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே காலத்தைக் கழித்து ரிடையர் ஆனவள். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பழனிமுத்துவின் குரலில் பொய் கிடையாது. ஆனால் எதிரில் இருப்பவர் பொய்தான் சொல்லப்போகிறார் என்கிற எதிர்பார்ப்பு அதில் எப்போதும் இருக்கும்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவன். பிறகு தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஹெல்மெட் கடையில் சேர்ந்து, அதே சந்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டான். கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் புளுகர்கள் என்பான். கீழே போட்டு உடைத்ததைத் துடைத்து எடுத்து வந்து, "டப்பாவப் பிரிக்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்பார்களாம். "தலைமேல அக்கறை இருந்து ஹெல்மெட்டு வாங்கறவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்லீங்கம்மா. எல்லாரும் ஃபைனுக்குப் பயந்தவனுகதான்" என்று அலுத்துக்கொள்வான்.

அவன் கல்யாணமே சந்தேகத்தில் தொடங்கியதுதான். பெண் பெயர் தாரணி. அவள் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். பெண் பார்க்கப் போன இடத்தில், "சாயங்காலம் விளையாடப் போவேன், அதுக்கு மட்டும் குறுக்க நிக்கக் கூடாது" என்றாளாம். இந்த வயதில் சாயங்காலம் அப்படி என்ன விளையாட்டு? பழனிமுத்து மறுநாளே கடையை மூடிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் மைதானத்துக்குப் போய் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான். எவனாவது பைக்கில் வந்து இறங்குவான் என்று காத்திருந்தானாம். ஆனால் வந்தது ஒரு பருத்த பெண். முட்டை வடிவில் ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தடதடவென்று ஓடி வந்தாள். தாரணி குறுக்கே பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் சாய்த்தாள், எழுந்தாள், வாயில் போன மண்ணைத் துப்பினாள். ரக்பி என்று ஒரு ஆட்டம் இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "கட்டுனா இவளத்தான்னு அங்கயே முடிவு பண்ணிட்டனுங்" என்பான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் சந்தேகம் இருக்காது.

இந்தக் கதையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவர்கள் குடிவந்த புதிதில் எனக்குத் தெரிந்தது மாடியில் கேட்ட சத்தம் மட்டும். கடையை மூடிவிட்டு அவன் வந்த கொஞ்ச நேரத்தில் 'தொம்' என்று ஏதோ விழும். "விடாத, அமுக்கு, அமுக்கு" என்று அவன் குரல் கேட்கும். மறுநாள் காலையில் தாரணி இறங்கி வந்தால் முழங்கையில் சிராய்ப்பு, கழுத்தில் நகக்கீறல். ஒரு நாள் இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. "என்னடி இது?" என்றேன். "ஏனில்லா ஆன்ட்டி, ஒண்ணுமில்ல. விளையாடறப்போ பட்டுது" என்று சிரித்தாள்.

அடி வாங்கும் பெண்கள் கதவில் இடித்துக்கொண்டேன், குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்பார்கள். இவள் விளையாட்டு என்கிறாள் என்று நான் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. கண் வீங்கி வருகிற பெண்ணைப் பார்த்துச் சந்தேகப்படாதவள் என்ன மனுஷி? போலீஸுக்கு மட்டும் நான் போன் செய்யவில்லை. செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் தெருவில் யாரோ முந்திக்கொண்டார்கள்.

ஜீப்பில் சுஷ்மா என்று ஒரு பெண் போலீஸ் வந்து பழனிமுத்துவைக் கூட்டிப்போனாள். தாரணி விளையாட்டு டிராயரோடு பின்னாலேயே ஓடினாள். சத்தம் எல்லாம் மெத்தையைச் சுருட்டி அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் மோதிப் பழகியது என்று அப்போதுதான் வெளியே வந்தது. அவள் தன் போனில் எடுத்து வைத்திருந்த பயிற்சி வீடியோவைப் பார்த்து ஸ்டேஷனில் எல்லாரும் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஸ்டேஷனில் சிரித்தது தெருவுக்குத் தெரியுமா? தெரு பார்த்தது ஜீப்பை. எதிர்வீட்டுக்காரி அவனைக் கண்டால் கதவைச் சாத்தினாள்.

அவன் என்னைத்தான் சந்தேகப்பட்டான். "நீங்கதான் போன் பண்ணுனீங்களாம்மா?" என்று வாசலிலேயே கேட்டான். "நானா இருந்தா உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் பண்ணியிருப்பேன்" என்றேன். அவன் படியில் உட்கார்ந்துகொண்டான். "என்ற அப்பன் எங்கம்மாவப் போட்டு அடிக்கறதப் பாத்துப் பாத்து வளந்தவனுங் நானு. எந்தப் பேரு வேணாலும் வரட்டும். பொண்டாட்டிய அடிக்கறவன்கற பேரு மட்டும் எனக்கு ஆகாதுங்" என்றான். அவன் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். அன்றோடு அவன்மேல் எனக்கிருந்த சந்தேகம் போய்விட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மஞ்சுநாத் வந்து சேர்ந்தான். பெங்களூரில் பெண்களுக்கென்று ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணி கட்டுகிறவன். அந்த ஆட்டம் நம் ஊருக்குப் புதிது, அதனால் ரக்பி ஆடிப் பழகிய பெண்களைத் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். தாரணி ஓடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தான். அவன் பையிலிருந்து எடுத்த ஹெல்மெட்டைப் பழனிமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தட்டினான், உள்ளே கையை விட்டு மெத்தையை அழுத்தினான், முகத்துக்கு முன்னால் இருந்த கம்பியை இழுத்தான், மோந்துகூடப் பார்த்தான். பிறகு தாரணியைப் போடச் சொன்னான். அந்தக் கம்பிக்குள் அவள் கண்ணும் மூக்கும் பத்திரமாக இருந்தன.

அதற்கப்புறம் ஒரு வாரம் கடையில் வியாபாரம் நடந்ததா என்றே தெரியாது. இரண்டு ஆட்டத்தையும் போனில் மாற்றி மாற்றிப் பார்த்தான். ரக்பிக்கு 'வெறுந்தலை ஆட்டம்' என்றும் இன்னொன்றுக்கு 'ஹெல்மெட் ஆட்டம்' என்றும் அவனே பெயர் வைத்தான். சாயங்காலம் என்னையும் உட்கார வைத்துக் காட்டுவான்.

"பாருங்கம்மா, இந்த வெறுந்தலை ஆட்டத்துல நிக்கறதே கெடையாது. விழுந்தவ எந்திரிக்கறதுக்குள்ள மேல நாலு பேரு. காது கிழியுது, மூக்கு ஒடையுது, துணியச் சுத்திக்கிட்டு மறுபடி ஓடறாளுக. இதுதான் முரட்டு ஆட்டம். அதப் பாருங், ஒரு மோது மோதறது, விசில் அடிச்சதும் நின்னுக்கறது, கூடிக் கூடிப் பேசறது. தோளுக்கு மெத்தை, தலைக்குக் கூண்டு. வேஷம் கட்டிக்கிட்டு ஆடறாப்புல இல்ல?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. வெறுந்தலை ஆட்டத்தில் ரத்தம் தெரிந்தது, ஹெல்மெட் ஆட்டத்தில் தெரியவில்லை. தாரணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. புருஷனைக் கன்னட வழக்கப்படி 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். "ரீ, இதுல ஓடி வர்ற வேகத்தப் பாருங்க. பந்து இல்லாதவளக்கூட இடிக்கலாம். அது சும்மாவா?" என்றாள். ஆனால் மஞ்சுநாத்தின் அணி பெங்களூரில் பெரிய மேட்ச் ஆடப்போகிறது, அதில் நன்றாக ஆடுகிறவர்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்றதும் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக விளையாட்டு டீச்சராகக் காலம் தள்ளுகிறவளுக்கு ஆசை வராதா?

எதிர்த்தவள் ஒருத்திதான், ரக்பி கோச் பிரதிபா. கேள்விப்பட்டதும் நேரே வீட்டுக்கு வந்தாள். என் தலையணையை வாங்கி நிற்க வைத்து, அதன் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டிக் கையால் சுற்றிக் காட்டினாள். "ரக்பியில தலைய இப்படி ஒதுக்கி வெச்சுத்தான் பிடிக்கணும். வெறுந்தலைங்கறதால நமக்கே பயம் இருக்கும். ஹெல்மெட் மாட்டினதும் அந்தப் பயம் போயிடும், தலையாலயே முட்டுவாங்க. ஹெல்மெட் மண்டைய உடைய விடாது. உள்ள மூளை குலுங்கறத அது என்ன பண்ணும்?" என்றாள்.

பழனிமுத்து எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் ஸ்கூட்டர் திரும்பினதும் என் பக்கம் குனிந்து, "நல்லா ஆடற ஆளு கையவிட்டுப் போயிருமேன்னு பேசறாங்கம்மா" என்றான். ஊரில் இருக்கிற அத்தனை பேர் சொல்லையும் சந்தேகப்பட்டவன் அந்த ஹெல்மெட்டை மட்டும் நம்பினான். தினமும் அதை விற்கிறவனாயிற்றே!

இரண்டு மாதம் போல எல்லாம் நன்றாகவே போயிற்று. தாரணியின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. எதிர்வீட்டுக்காரி முதலில் சிரித்தாள், பிறகு வீட்டில் செய்த மைசூர்பாகைக் கொடுத்தனுப்பினாள். பழனிமுத்து தலையை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தான். மனைவியோடு நடந்தே கோவிலுக்குப் போய் வந்தான்.

பெங்களூர் மேட்சுக்கு முன்னால் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அது நடந்தது. பார்க்கப் போயிருந்த பழனிமுத்து வந்து சொன்னான். எதிரே வந்த பெண்ணும் இவளும் குனிந்தபடியே முட்டிக்கொண்டார்களாம். தேங்காய் உடைக்கிற சத்தம். தாரணி விழுந்து, உடனே எழுந்து, சிரித்து, தவறான பக்கம் நடந்து போனாளாம். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். மஞ்சுநாத் ஓடி வந்து, தலை வலிக்கிறதா, கண் இருட்டுகிறதா என்று கேட்டிருக்கிறான். அப்படி ஏதாவது சொன்னால் டாக்டர் சரி சொல்லும்வரை வெளியே உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி. "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறாள்.

ஒன்றுமில்லையா? படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிற பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சமையலறையில் டியூப் லைட்டைப் போடாமல் இருட்டில் சமைத்தாள். நான் மிக்ஸி போட்டால் மேலிருந்து "அய்யோ, நிறுத்துங்க ஆன்ட்டி" என்று கத்தினாள். ஒரு காலையில் என்னிடம் "கார்ப்பரேஷன் தண்ணி வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன். குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, "ஆன்ட்டி, தண்ணி வந்துச்சா?" என்றாள். இன்னொன்றும் கவனித்தேன். எதைக் கேட்டாலும் அவள் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்தக் காலத்து டிரங்க் காலில் இந்தப் பக்கம் பேசியது அந்தப் பக்கம் போய்ச் சேர ஒரு நொடி ஆகுமே, அப்படி.

பழனிமுத்துவுக்கும் தெரிந்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினான். "எங்க காயம், காட்டுங்க. காயமே இல்லாம போய் என்னன்னு சொல்றது? மேட்ச் ஆய்த்துன்னா வரேன், இப்போ விடுங்க" என்றாள். அவன் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டான், நான் பக்கத்தில்தான் இருந்தேன். மஞ்சுநாத் பொறுமையாகத்தான் பேசினான். "சார், அந்த ஹெல்மெட் ஒரே அடியில வீணாப் போற பைக் ஹெல்மெட் இல்ல. எத்தனை மோதினாலும் தாங்கற மாதிரி செஞ்சது" என்றான். "ஹெல்மெட்டு தாங்குமுங். நான் தலையக் கேக்கறேன்" என்றான் இவன். "அவங்களே வலியில்லேங்கறாங்களே சார், நான் என்ன பண்ணட்டும்?" என்றான் மஞ்சுநாத்.

போனை வைத்துவிட்டு அவன் அழுதுவிட்டான். "நான்தானுங்கம்மா தள்ளிவிட்டேன். மூஞ்சியில காயம் தெரியக் கூடாதுன்னு நான்தான் இந்த ஆட்டத்துக்கு அனுப்பினேன். மறுபடி ஒரு அடி பட்டுச்சுன்னா?" என்றான். பிரதிபாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னோம். தாரணி கதவைத் திறக்கவே இல்லை.

மேட்ச் அன்று காலை வேன் தெருமுனையில் வந்து நின்றது. தாரணி பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டோடு இறங்கினாள். கேட்டில் உள்பக்கமாகப் பூட்டு தொங்கியது. பழனிமுத்து சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நின்றான்.

"பூட்டத் தொறங்க ரீ."

"மொதல்ல டாக்டரு. அப்பறம் எங்க வேணா போ, புள்ள."

அவள் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். கத்தினாள். பால்கனிகளில் தலைகள் தெரிந்தன, போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். எதிர்வீட்டுக்காரி, "எனக்கு அப்பவே தெரியும்" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. ஜீப் வர அதிக நேரம் ஆகவில்லை. இறங்கியது அதே சுஷ்மாதான்.

"மறுபடியும் நீயா?" என்று கன்னடத்தில் கேட்டாள். பிறகு தாரணியிடம், "அடித்தானா?" என்றாள். "இல்ல மேடம். வெளியே விட மாட்டேங்கறாரு, அவ்வளவுதான்."

"தலையில அடி பட்டிருக்குதுங் மேடம். ஆட்டத்துல. ஆஸ்பத்திரிக்குப் போகணுமுங்" என்றான் அவன். சுஷ்மா கம்பி வழியாக எட்டி தாரணியின் தலையைத் தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, கீறல் இல்லை. "சந்தேகப் பிராணி மேடம் இவரு" என்றாள் தாரணி. பால்கனியில் யாரோ சிரித்தார்கள். "பூட்டைத் திற, இல்லையென்றால் உன்னை ஏற்றிக்கொண்டு போவேன்" என்றாள் சுஷ்மா.

நானும் வாயைத் திறந்தேன். டிரங்க் கால், தண்ணீர், டியூப் லைட் என்று ஏதேதோ சொன்னேன். சொல்லும்போதே அதெல்லாம் எனக்கே அற்பமாகக் கேட்டது. சுஷ்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

பழனிமுத்து சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தான். அப்படியே நின்றான். ஒவ்வொரு பால்கனியாக ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தானுங் அடிச்சேன்" என்றான். "மண்டையப் புடிச்சு செவுத்துல மோதுனேன். நாலஞ்சு தடவ."

ஒருவர் முகத்தில்கூடச் சந்தேகம் இல்லை. இத்தனை நாள் அவன் சொன்ன எந்த உண்மையையும் நம்பாதவர்கள் இந்த ஒரு பொய்யைக் கேட்ட மாத்திரத்தில் நம்பினார்கள்.

"சுள்ளு! பொய் மேடம்! என்னை அவரு ஒரு நாளும் தொட்டதில்ல!" என்று தாரணி அலறினாள். சுஷ்மாவின் குரல் சட்டென்று கனிந்தது. "எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் தங்கச்சி. முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் அப்புறம்" என்று அவள் தோளில் கை போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் கீழேதான் இருக்கிறீர்கள். ஏதாவது கேட்டதா?"

பழனிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆயுள் முழுக்க எதிராளி பொய் சொல்வார் என்று பயந்தவன், நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து நின்றான். "கேட்டது" என்றேன். "நேத்து ராத்திரி. செவுத்துல தலை இடிக்கற சத்தம்."

தாரணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. வேன் அவளில்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், மாதங்களின் பெயரைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார். அக்டோபரோடு அவள் நின்றுவிட்டாள். அடுத்தது என்ன என்று அவளுக்கு வரவில்லை. அங்கேதான் உடைந்து அழுதாள், தினமும் தலை பிளக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் மூளை பலமாக அதிர்ந்திருக்கிறது, இந்த நிலைமையில் இன்னொரு மோதல் பட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பழனிமுத்து அப்போது ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தாரணி புகார் கொடுக்க மறுத்து, நடந்தது ஆட்டத்தில்தான் என்று சாதித்து அவனை வெளியே கொண்டுவந்தாள். சுஷ்மா நம்பினாளோ என்னவோ, எச்சரித்து விட்டாள்.

தெரு நம்பவில்லை. அடி வாங்கினவளே வந்து காப்பாற்றினாள் என்று இன்னும் மோசமாகப் பேசியது. எதிர்வீட்டுக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. கறிகாய்க்காரி முதற்கொண்டு அவன் கேட்டால் பதில் சொல்வதில்லை. தாரணி பல வாரம் இருட்டறையில் படுத்திருந்தாள், சோறு வடிப்பதிலிருந்து அவளுக்குத் தலைவாரிப் பின்னுவதுவரை அவன்தான் செய்தான். அது எந்தப் பால்கனியிலிருந்தும் தெரியாது.

போன வாரம் அவள் முதல் முறையாகப் படியைக் கம்பி பிடிக்காமல் இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, வாங்க. வீடு வீடாப் போய் நடந்ததச் சொல்லலாம். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். எனக்கும் அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேண்டும் போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பழனிமுத்து கேட்டில் வந்து குறுக்கே நின்றான். "வேண்டாமுங்கம்மா, அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும்" என்றான். தாரணியை ஓரக்கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொண்டான். "இவ நாளைக்கே மறுபடியும் அந்த ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுக் கெளம்புனான்னா, என்ற பேச்ச நம்பறதுக்குத் தெருவுல ஆளு வேணுமில்லீங்களா?"